நோட்பேடில் ஃபிளாஷ் கார்டு: குரூப் 4 படிக்கிற பிள்ளைகளுக்கு

குற்றாலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? 2019 நவம்பருக்கு முன்னால் கேட்டிருந்தால் திருநெல்வேலி. இப்போது தென்காசி. பழைய கைடை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகள், கேள்வி-விடைக் கார்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஆன்கி என்கிற ஆப்பில் 'திருநெல்வேலி' என்று கார்டு போட்டு, ஆப் கேட்கிற நாளிலெல்லாம் தவறாமல் பார்த்து, தப்பான விடையைத் திடமாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். விடை சரியா தப்பா என்று ஆப்புக்குத் தெரியாது. மறக்கப் போகிற நேரம் பார்த்து எடுத்துக் காட்டும், அது ஒன்றுதான் அதன் வேலை. கார்டை எழுதுவதும் திருத்துவதும் கழிப்பதும் நம் பாடு. அந்தப் பாட்டுக்கு ஆப்பின் சின்னப் பெட்டியைவிட வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான் தோது என்பது என் கட்சி. ஃபைல்தான் மூலம், ஆப்பில் இருப்பது அதன் நகல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதியெல்லாம் தானாக வரும்.

நான் பாளையங்கோட்டையில் பாளையங்கால்வாய் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் என்று தமிழ் அடிப்பதே பிழைப்பு. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் கடையில் பிள்ளைகள் கூட்டம்தான். தங்கச்சி மகனும் அதில் ஒருத்தன். "பெரிம்மா, போன்லயே கார்டு அடிச்சுக்கிடலாம்லா, இதுக்குப் போயி நோட்பேடா?" என்றான். "அடிச்சுக்கோ. ஆயிரம் கார்டு சேந்த பொறவு, எந்தெந்தக் கார்டுல தென்காசியப் பழைய மாவட்டத்துலயே விட்டுருக்கன்னு ஒரு பார்வையில சொல்லு, பாப்போம்" என்றேன். நியாயமாகச் சொன்னால் ஆன்கியிலும் தேடலாம், கம்ப்யூட்டர் பதிப்பில் மொத்தமாக மாற்றவும் செய்யலாம். ஆனால் ஒரு ஃபைலைத் திறந்தால் ஒரு பாடத்தின் அத்தனை கார்டும் வரிவரியாகக் கண் முன்னால் நிற்கும். ஒரே கேள்வியை இரண்டு தடவை போட்டிருந்தால் பட்டென்று தெரியும். அப்படியே பிரிண்ட் எடுக்கலாம், கூட்டாளிக்கு அனுப்பலாம். நாளைக்கு ஆன்கி வேண்டாம், வேறு ஆப் என்றாலும் ஃபைல் நம்மிடம் இருக்கும்.

என்ன வேண்டும்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். விண்டோஸ் நோட்பேடே போதும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இருந்தால் நல்லது, ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலையும் சேர்த்துத் தேடித் தரும். ஆன்கி கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் போனில் ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் ஆப்பில் அடித்துச் சேர்த்துவைத்து, வாரம் ஒருமுறை யாருடைய கம்ப்யூட்டரிலாவது உட்கார்ந்து ஆன்கியில் ஏற்றி, சிங்க் பண்ணிக்கொள்ளலாம். ஆன்கியின் ஆண்ட்ராய்டு ஆப்பான ஆன்கிட்ராய்டின் புதிய பதிப்புகளில் டெக்ஸ்ட் ஃபைலைப் போனிலேயே இம்போர்ட் பண்ணவும் வழி இருக்கிறது.

வேர்ட் வேண்டவே வேண்டாம். மேற்கோள்குறியைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும், நாம் கேட்காத அலங்காரமெல்லாம் செய்யும். எக்செல்லும் வேண்டாம். சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) அதில் நேராகத் திறந்தால் தமிழ் பல நேரம் சிதைந்து தெரியும். '1-2' என்று எழுதியிருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். தெரியாமல் சேவ் கொடுத்தால் போச்சு.

ஃபைலை சேவ் பண்ணும்போது எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேட் தானாகவே அப்படித்தான் சேவ் பண்ணும். விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அதில் 'சேவ் ஆஸ்' போய் நாமே மாற்ற வேண்டும். மாற்றாமல் 'ஆன்சி' முறையில் சேவ் பண்ணினால் மறுமுறை திறக்கும்போது தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். அதை மீட்க வழியே கிடையாது.

ஒரு வரி, ஒரு கார்டு

ஒரு கார்டுக்கு நாலு பகுதி: எண், கேள்வி, விடை, டேக் (எந்தத் தலைப்பு என்று காட்டுகிற அடையாளச் சொல்). நடுவில் செங்குத்துக் கோடு.

ஆறு-011|தாமிரபரணி எந்த மலையில் பிறக்கிறது?|பொதிகை மலை|ஆறுகள்
ஆறு-012|தாமிரபரணி கடலில் கலக்கும் இடம்?|புன்னைக்காயல்|ஆறுகள்
காடு-003|தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்?|களக்காடு முண்டந்துறை (1988)|காடுகள்

கமாவைப் பிரிகுறியாக வைக்காதீர்கள். விடைக்குள்ளேயே கமா வரும். டேப் நல்ல பிரிகுறிதான், ஆனால் போன் கீபோர்டில் டேப் கிடையாது, கம்ப்யூட்டரிலும் அது டேப்பா நாலைந்து இடைவெளியா என்று கண்ணுக்குத் தெரியாது. செங்குத்துக் கோடு கம்ப்யூட்டரில் பெரும்பாலும் என்டர் கீக்கு மேலே இருக்கும், ஷிப்டோடு அழுத்த வேண்டும். போனில் குறியீடுகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். கோட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள். டேக்குக்குள்ளும் இடைவெளி கூடாது. 'தமிழ்நாடு ஆறுகள்' என்று எழுதினால் ஆன்கி அதை இரண்டு டேக்காக எடுத்துக்கொள்ளும். 'தமிழ்நாடு_ஆறுகள்' என்று ஒட்டி எழுதுங்கள்.

முதலில் நிற்கிற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். இந்த முறையின் உயிரே அதுதான். ஆன்கி ஒரு கார்டு புதியதா ஏற்கெனவே இருப்பதா என்று பார்ப்பது முதல் பகுதியை வைத்து. முதல் பகுதியில் கேள்வியை வைத்துவிட்டு, பிறகு அந்தக் கேள்வியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றினால், ஆன்கி அதைப் புதுக் கார்டு என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். பழையதும் அங்கேயே கிடக்கும். முதலில் எண் இருந்தால் கேள்வி, விடை இரண்டையும் எத்தனை தடவை மாற்றினாலும் அது அதே கார்டுதான். இதுவரை நீங்கள் பார்த்த கணக்கும், அடுத்து அது வர வேண்டிய தேதியும் அப்படியே இருக்கும். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு கார்டுக்குக் கொடுக்காதீர்கள். நடுவில் எண் விட்டுப்போனால் போகட்டும்.

ஒரு பாடத்துக்கு ஒரு ஃபைல் போதும். சிலர் பாடத்துக்குள் அலகு, அலகுக்குள் தலைப்பு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்குகிறார்கள். அடுக்குகிற நேரத்தில் ஒரு பாடம் படித்துவிடலாம். பிரிப்பதற்குத்தான் டேக் இருக்கிறதே.

# குறியில் தொடங்குகிற வரியை ஆன்கி கார்டாக எடுத்துக்கொள்ளாது. அதனால் எங்கிருந்து எடுத்தது என்பதை ஒவ்வொரு கார்டுக் கூட்டத்துக்கும் மேலே எழுதிவைக்கலாம்: '# 8-ஆம் வகுப்பு சமூக அறிவியல், புவியியல் பகுதி' என்கிற மாதிரி. விடையில் சந்தேகம் வருகிற அன்றைக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வியை எப்படி வெட்டுவது

பிள்ளைகள் கொண்டுவருகிற ஃபைலில் நான் அதிகம் பார்க்கிற வரி இது:

ஆறு-020|தாமிரபரணியின் அணைக்கட்டுகள் யாவை?|கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்|ஆறுகள்

விடை சரி, வரிசையும் சரி. ஆனால் இது கார்டு இல்லை, கட்டுரை. எட்டில் ஆறு சொல்லிவிட்டால் 'தெரியும்' என்று அழுத்துவதா, 'தெரியாது' என்று அழுத்துவதா? விட்டுப்போன இரண்டு எவை என்பது ஆப்புக்குத் தெரியாது. தெரிந்த ஆறையும் சேர்த்து மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அந்தக் கார்டைக் கண்டாலே எரிச்சல் வந்து, கண்ணை மூடிக்கொண்டு 'தெரியும்' அழுத்திவிடுவீர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே இப்படி என்றால், பாலாற்றுக்கும் பவானிக்கும் இப்படிக் கார்டு போட்டால் என்ன ஆகும்?

நான் வெட்டுகிற விதம் இது:

ஆறு-021|தாமிரபரணியில் மொத்தம் எத்தனை அணைக்கட்டுகள்?|8|ஆறுகள்
ஆறு-022|தாமிரபரணி அணைக்கட்டுகளில் மேலிருந்து முதலாவது?|கோடைமேலழகியான்|ஆறுகள்
ஆறு-023|தாமிரபரணியில் கோடைமேலழகியானுக்கு அடுத்துக் கீழே உள்ள அணைக்கட்டு?|நதியுண்ணி|ஆறுகள்
ஆறு-024|தாமிரபரணியில் நதியுண்ணிக்கு அடுத்துக் கீழே உள்ள அணைக்கட்டு?|கன்னடியன்|ஆறுகள்

இப்படியே மருதூர் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரை. அதன் பிறகு பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்:

ஆறு-031|கோடகன் கால்வாய் எந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிறது?|அரியநாயகிபுரம்|ஆறுகள்
ஆறு-032|பாளையங்கால்வாய் எந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிறது?|பழவூர்|ஆறுகள்
ஆறு-033|திருநெல்வேலிக் கால்வாய் எந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிறது?|சுத்தமல்லி|ஆறுகள்
ஆறு-034|தாமிரபரணி அணைக்கட்டுகளில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது?|ஸ்ரீவைகுண்டம்|ஆறுகள்

ஒரு கார்டு பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டதே என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு வினாடிதான். தெரிந்தவை சீக்கிரமே மாதக்கணக்கில் தள்ளிப் போய்விடும். தகராறு பண்ணுகிற ஒன்றிரண்டு மட்டும் அடிக்கடி வரும். நமக்கு வேண்டியதும் அதுதானே. கடைவாசலில் ஓடுகிற கால்வாய்க்குத் தண்ணீர் பழவூரிலிருந்து வருகிறது என்பதே எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. இத்தனைக்கும் மேலப்பாளையத்துக்குப் போகவர அந்தக் கால்வாயைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

கேள்வி தனியாக நின்றாலும் புரிய வேண்டும். 'இதன் நீளம் எவ்வளவு?' என்று போடாதீர்கள். ஃபைலில் மேல்வரி தாமிரபரணியாக இருப்பதால் எழுதும்போது புரியும். ஆப் குலுக்கிப் போட்ட பிறகு 'எதன் நீளம்?' என்று நீங்களே கேட்பீர்கள். அதேபோல 'அணை' வேறு, 'அணைக்கட்டு' வேறு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகியவை நீரைத் தேக்குகிற அணைகள். மேலே சொன்ன எட்டும் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற தடுப்புகள். இரண்டும் கலந்துபோனால் விடையும் கலந்துபோகும். கேள்வியிலேயே எது என்று தெளிவாக எழுதுங்கள்.

கணக்குக்குக் கார்டு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூத்திரத்துக்கு மட்டும் போடலாம். மற்றபடி கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். குரூப் 4-இல் 200 கேள்வியில் கணக்கு வருகிற திறனறிப் பகுதி 25 மட்டுமே, தமிழ் 100. கார்டு முழுக்கப் பயன்படுகிற இடம் அந்தத் தமிழ்ப் பகுதியும் பொது அறிவும்தான்.

தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிற வம்பு

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு சொல் கம்ப்யூட்டருக்கு வேறுவேறாக இருக்கும். தேடினால் கிடைக்காது.

முதல் வம்பு ஔகாரம். 'மௌரியர்' என்பதை ஒற்றைக்கொம்பு, ம, பிறகு ளகர எழுத்து என்று அடித்து 'மெளரியர்' ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அது மெ, ள என்று இரண்டு எழுத்து. 'ஔவையார்' 'ஒளவையார்' ஆவதும் இப்படித்தான். ஃபைலில் 'மெள', 'கெள', 'பெள', 'செள', 'ஒள' என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். மௌரியர், கௌதமர், பௌத்தம், சௌராஷ்டிரம் எல்லாம் வரிசையாக மாட்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். 'கெளுத்தி' மீனும் 'ஒளி' மாதிரி வேறு சொற்களும் அடிபடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இதை எந்த ஆப்பும் தானாகச் சரிபண்ணித் தராது.

இரண்டாவது, கொம்பும் காலும். 'கொ' என்பதில் உள்ள குறி ஒரே குறியாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். ஆன்கி உள்ளே எடுக்கும்போது இதை ஒன்றாக்கிக்கொள்ளும், நோட்பேட் செய்யாது. தமிழ்99 கீபோர்டு முறையில் அடித்தால் இந்தப் பிரச்சினை வராது. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் வரும். சிலர் காலுக்குப் பதிலாக ரகரத்தையே போட்டுவிடுவதும் உண்டு. 'பாடம்' 'பரடம்' ஆகி நிற்கும்.

மூன்றாவது நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே வந்தது: ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்குகிற ஸ்ரீ ஒன்று, ஶகரத்தில் தொடங்குகிற ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. எந்தக் கீபோர்டு எதை அடிக்கும் என்று நினைவு வைத்துக்கொள்வதைவிட, ஸ்ரீவைகுண்டத்தைத் தேடும்போது 'வைகுண்ட' என்று மட்டும் தேடுவது சுலபம்.

'வைகுண்டம்' என்று தேடக் கூடாது. மகர மெய்யை விட்டுவிட்டுத் தேடுங்கள். 'குற்றாலம்' என்று தேடினால் 'குற்றாலத்தில்' என்று எழுதிய கார்டு மாட்டாது. 'குற்றால' என்று தேடினால் இரண்டும் மாட்டும். 'மாவட்டம்' வேண்டாம், 'மாவட்ட'. ஆறு என்றால் 'ஆறு' ஒரு தடவை, 'ஆற்ற' ஒரு தடவை, 'ஆற்று' ஒரு தடவை. ஊர்ப்பெயரை ஒரே மாதிரி எழுதுவது என்று முதல்நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். நெல்லை, திருநெல்வேலி, தின்னவேலி என்று வாய்க்கு வந்தபடி எழுதினால் மூன்று தடவை தேட வேண்டியிருக்கும்.

பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய நோட்ஸ் கையில் இருந்தால் அதை அப்படியே நோட்பேடில் ஒட்டிப் பார்த்து அலறாதீர்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருப் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒரு தடவை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பாடநூல் பிடிஎஃபுக்கு என் யோசனை வேறு: நகலெடுக்கவே வேண்டாம், பார்த்து அடியுங்கள். நகலெடுத்ததைத் திருத்துகிற நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம். அடிக்கும்போதே பாதி மனதில் ஏறிவிடும்.

ஆன்கியில் ஏற்றுவது

ஒரே ஒரு தடவை செய்ய வேண்டியது: டூல்ஸ் மெனுவில் நோட் டைப் பகுதிக்குப் போய், 'பேசிக்' வகையை நகலெடுத்து அதற்கு ஒரு பெயர் வையுங்கள். ஃபீல்ட்ஸ் பகுதியில் 'எண்' என்று ஒன்றைச் சேர்த்து அதை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். படிக்கும்போது எண் திரையில் தெரியாது, கேள்வியும் விடையும் மட்டும்தான் தெரியும்.

பிறகு ஒவ்வொரு தடவையும் இம்போர்ட், ஃபைலைத் தேர்ந்தெடு, பிரிகுறியாக செங்குத்துக் கோடு, அந்த நோட் டைப், நாலாவது பகுதி டேக், ஏற்கெனவே இருக்கும் கார்டை 'அப்டேட்' செய். எச்டிஎம்எல் அனுமதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 'சிறியது' குறி வருகிற கணக்குச் சூத்திரங்களில் பாதி காணாமல் போகும். ஃபைலின் தலையிலேயே # வரிகளாக இந்தத் தேர்வுகளை எழுதிவைத்தால் ஆன்கி ஒவ்வொரு தடவையும் கேட்காது. எழுதும் முறை ஆன்கியின் கையேட்டில் இருக்கிறது.

இரட்டை மேற்கோள்குறியில் கவனம். தமிழ்ப் பகுதிக்குப் பாடல் அடியைக் கொடுத்து 'பாடியவர் யார்?' என்று கேட்கிற கார்டுகள் நிறைய வரும். கேள்வியின் முதல் எழுத்தே இரட்டை மேற்கோள்குறியாக இருந்து, அதை மூட மறந்துவிட்டால், அடுத்த மூடுகுறி கிடைக்கும்வரை கீழே உள்ள வரிகளையெல்லாம் ஒரே கார்டாக விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோள்குறியே போதும், அதுவே பழக்கமாகட்டும். ஏற்றி முடித்ததும் எத்தனை சேர்ந்தது, எத்தனை மாறியது என்று ஆன்கி சொல்லும். அதைப் படிக்காமல் மூடாதீர்கள். பத்து வரி புதிதாக அடித்திருக்கும்போது எட்டுதான் சேர்ந்தது என்றால் எங்கோ ஒரு மேற்கோள்குறி திறந்து கிடக்கிறது.

ஃபைலில் ஒரு வரியை அழித்தால் ஆன்கியில் அந்தக் கார்டு அழியாது. இம்போர்ட் சேர்க்கும், மாற்றும், நீக்காது. அதனால் வேண்டாத கார்டின் டேக்கில் 'நீக்கு' என்று சேர்த்து ஏற்றுங்கள். ஆன்கி பிரவுசரில் அந்த டேக்கைத் தேடி மொத்தமாக அழித்துவிட்டு, பிறகு ஃபைலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். போனில் படிக்கும்போது பிழை கண்ணில் பட்டால் அங்கேயே திருத்தாதீர்கள். கொடி போட்டுவைக்கிற வசதி இருக்கிறது. சிவப்புக் கொடி போட்டுவைத்து, ராத்திரி ஃபைலில் திருத்துங்கள். போனில் திருத்தியதை அடுத்த இம்போர்ட் பழையபடி மாற்றிவிடும்.

மாறுகிற விவரங்கள்

மாவட்டம், புலிகள் காப்பகம், ராம்சர் தலம் (உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம்), பதவியில் இருப்பவர்கள், திட்டங்கள்: இவையெல்லாம் மாறும். இப்படிப்பட்ட கார்டுக்கெல்லாம் 'மாறும்' என்று ஒரு டேக் போடுங்கள், விடையில் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பொது-007|தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?|38 (2020 டிசம்பரில் மயிலாடுதுறை சேர்ந்தபின்)|மாறும்
காடு-004|தமிழ்நாட்டில் எத்தனை புலிகள் காப்பகங்கள்?|5 (2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை சேர்ந்தபின்)|காடுகள் மாறும்

தேர்வு அறிவிப்பு வந்ததும் 'மாறும்' என்று தேடி அத்தனையையும் ஒருமுறை சரிபாருங்கள். நம்ம பக்கத்துக்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: 'திருநெல்வேலி மாவட்ட' என்று தேடுங்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. பழைய நூல்களில் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும்கூட 'திருநெல்வேலி மாவட்டம்' என்றுதான் இருக்கும். செங்கோட்டை, சங்கரன்கோவில் எல்லாம் தென்காசிக்குப் போய்விட்டன. கேள்வித்தாளில் நாலு விடையில் மூன்று நம்ம பக்கத்துப் பெயராக இருந்தால் நமக்குத்தான் முதலில் தடுமாறும்.

கூட்டாகச் செய்தால்

நாலு பேர் பாடம் பிரித்துக்கொண்டு அடிப்பது நல்ல ஏற்பாடு. எண்ணில் மட்டும் மோதல் வரக் கூடாது. ஆளுக்கொரு முன்னெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாகவே அனுப்புங்கள். மெசேஜாக அனுப்பி, நாலைந்து மெசேஜைச் சேர்த்து நகலெடுத்தால் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் கார்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தர் அடித்ததை இன்னொருத்தர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். சும்மா ஃபைல் மட்டும் வாங்கிக்கொண்டு போகிற கூட்டாளியை ஒரு பாடமாவது சரிபார்க்க உட்கார வையுங்கள், அவனுக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோல்டரை நகலெடுத்து '2025-06-15' என்பது போல வருடம் முன்னால் வருகிற மாதிரி பெயர் வைத்து, மெயிலிலோ டிரைவிலோ போட்டுவையுங்கள். வருடம் முன்னால் இருந்தால் வரிசை தானாக அமையும். ஃபைலில் செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கிற 'கிட்' தெரிந்த இன்ஜினியரிங் பிள்ளைகள் அதையே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தேர்வு நேரத்தில் போய் அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆன்கி ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று வைத்திருக்கும். ஃபைல் கையில் இருக்கிறது, ஒரே நாளில் முன்னூறு ஏற்றலாம் என்று ஆசை வரும். ஏற்றுங்கள், ஆனால் அந்த 20-ஐக் கூட்டாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவர்கள் பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கு ஊருக்குப் போய் நாலைந்து நாள் விட்டுப்போனால் திரும்பி வரும்போது ரிவிஷன் மலைபோல் நிற்கும். அது தீரும்வரை புதுக் கார்டை 0 ஆக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஆன்கியில் கார்டு வைத்திருப்பவர்கள்

அத்தனையையும் மறுபடி அடிக்க வேண்டாம். எக்ஸ்போர்ட் பகுதியில் 'நோட்ஸ் இன் பிளெயின் டெக்ஸ்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, டேக்குகளையும் 'யூனிக் ஐடென்டிஃபையர்' என்பதையும் டிக் பண்ணி எடுங்கள். ஃபைலின் மேலே # போட்டுச் சில வரிகளும், ஒவ்வொரு கார்டின் முன்னாலும் புரியாத எழுத்துக்கோவை ஒன்றும் இருக்கும். அந்த இரண்டையும் தொடாதீர்கள். அந்தக் கோவைதான் அந்தக் கார்டின் எண். அதை வைத்துத்தான் நீங்கள் திருத்தியது எந்தக் கார்டு என்று ஆன்கி கண்டுபிடிக்கும், இதுவரை படித்த கணக்கும் கெடாது. பிரிகுறி டேப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வியையும் விடையையும் மட்டும் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். முதல் தடவை ஐந்தாறு கார்டை மட்டும் திருத்தி ஏற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஆன்கியில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அடிக்கிற புதுக் கார்டுகளை அந்த ஃபைலில் சேர்க்காமல், மேலே சொன்னபடி எண் போட்டு வேறு ஃபைலில் தொடங்குங்கள்.